நாய்க்கு உண்ணி மாத்திரை கொடுத்தால் வீட்டு மூட்டைப்பூச்சி சாகுமா?

மாடிவீட்டுக்காரன்
ஜூலை 2, இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு பதில் சொல்லுங்க.

குரோம்பேட்டையில ரெண்டாவது மாடி, வாடகை வீடு. நான், மனைவி, அம்மா, பையன், அப்புறம் முத்து. முத்து நாலு வயசு நாட்டு நாய், 18 கிலோ. மே மாசக் கடைசியில பையன் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு மெத்தை, பெட்டி, புத்தகக் கட்டு எல்லாத்தோடயும் வந்து இறங்கினான். மூணு வாரம் கழிச்சு அம்மாவோட முழங்கையில வரிசையா தடிப்பு. கொசுன்னு நெனச்சு வலை கட்டினோம். தடிப்பு நிக்கல. போன வெள்ளிக்கிழமை ராத்திரி ரெண்டரை மணிக்கு டார்ச் அடிச்சுப் பார்த்தா, தலையணை உறை தையல்ல ரெண்டு மூட்டைப்பூச்சி, ரத்தம் குடிச்சு திராட்சை விதை மாதிரி உப்பிக் கிடக்கு. நசுக்கினதும் அந்த நாத்தம். நாப்பது வருஷம் கழிச்சு அதே நாத்தம்னு அம்மா அழுதுட்டாங்க.

அம்மாவுக்கு ஆஸ்துமா. மருந்து அடிக்க ஆள் கூப்பிட பயமா இருக்கு. அதனாலதான் இந்தக் கேள்வி.

முத்துவுக்கு உண்ணிக்காக மாசம் ஒரு நெக்ஸ்கார்ட் கொடுக்கறோம். அந்த மாத்திரை சாப்பிட்ட நாயைக் கடிச்சா மூட்டைப்பூச்சியும் செத்துடும்னு கீழ்வீட்டுத் தம்பி சொல்றார். நிஜமா? அப்படின்னா முத்துவை அம்மா ரூம்லயே படுக்க வச்சா கொஞ்ச நாள்ல எல்லாம் ஒழிஞ்சிடுமா? மாத்திரையை 15 நாளுக்கு ஒண்ணா கொடுத்தா வேகமா வேலை செய்யுமா?

---

ரெண்டு நாய் அம்மா
ஜூலை 3, காலை 6:15

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். 15 நாளுக்கு ஒண்ணு கொடுக்காதீங்க. இன்னைக்கே அந்த எண்ணத்தை விடுங்க.

என் பெரியவனுக்கு இந்த வகை மாத்திரை ஒண்ணு, சரியான எடைக்கு, சரியான அளவுதான் கொடுத்தோம். மறுநாள் சாயங்காலம் வாசப்படியில நின்னுட்டு இருந்தவன் பின்னங்கால் நடுங்கிச் சாய்ஞ்சான். வாயில நுரை, கால் நாலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஒரு நிமிஷம்கூட இருக்காது, எனக்கு ஒரு யுகம். அவனுக்குக் குட்டியா இருக்கும்போதே ஒரு தடவை வலிப்பு வந்திருக்கு. அதை நான் டாக்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன். இப்போ அவனுக்கு வேற வகை மருந்துதான். சின்னவ அதே மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிடறா, ஒண்ணும் ஆகல.

மாத்திரை கெட்டதுன்னு சொல்ல வரல. உண்ணிக் காய்ச்சல்ல நாய் ரத்தம் குறைஞ்சு சாகறதைப் பார்த்தவ நான். ஆனா அது நாய்க்கான மருந்து, நாயோட நன்மைக்கு. நம்ம கட்டில் பூச்சிக்காக அவன் உடம்புல ஒரு மில்லிகிராம்கூட கூட ஏத்தக் கூடாது.

---

மேன்ஷன்வாசி
ஜூலை 3, காலை 9:02

அண்ணே, திருவல்லிக்கேணி மேன்ஷன்ல ஆறு வருஷம் இருந்தவன் நான். மூட்டைப்பூச்சியோட குடும்பம் நடத்தின அனுபவம். மண்ணெண்ணெய் ஊத்தினோம், கட்டிலை மொட்டை மாடியில போட்டு கொதிக்கற தண்ணி ஊத்தினோம், ஸ்ப்ரே வாங்கி அடிச்சோம். ஸ்ப்ரே அடிச்சா இந்த ரூம்லேர்ந்து பக்கத்து ரூமுக்குப் போகும், அவன் அடிச்சா திரும்ப இங்க வரும்.

ஒரு சந்தேகம். நாய் ரத்தத்துல மருந்து இருந்தா பூச்சி சாகும்னா, மனுஷன் ரத்தத்துல மருந்து இருந்தாலும் சாகணுமே? எங்க ரூம்ல ஒருத்தன் மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின்ங்கற புழு மருந்தைக் குடிக்கலாம்னு வாங்கியே வச்சிருந்தான். நல்லவேளை குடிக்கல. இதுல ஏதாவது உண்மை இருக்கா?

---

கோழிப்பண்ணை டாக்டர்
ஜூலை 3, இரவு 10:20

நான் நாமக்கல் பக்கம் கால்நடை மருத்துவர். வேலை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளில். நாயும் பார்ப்பேன். இந்தக் கேள்வி என் வேலைக்கு நெருக்கமானது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கீழ்வீட்டுத் தம்பி சொன்னதில் பாதி உண்மை. நெக்ஸ்கார்டில் இருப்பது அஃபாக்சோலானர். பிராவெக்டோவில் ஃப்ளூராலானர். சிம்பாரிகாவில் சரோலானர். கிரெடெலியோவில் லோட்டிலானர். நான்கும் ஐசாக்சசோலின் என்ற ஒரே குடும்பம். மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் ஏறும். அங்கே புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் சுற்றும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் பூச்சியின் நரம்புச் செல்களில் குளோரைடு போய்வரும் வாயில்கள் அடைபடும். நரம்பை அமைதிப்படுத்துவதே அந்த வாயில்களின் வேலை. அவை அடைபட்டால் நரம்பு ஓயாமல் துடிக்கும், பூச்சி விறைத்துச் சாகும். பாலூட்டிகளுக்கும் அதே மாதிரி வாயில்கள் உண்டு. மருந்து அவற்றில் லேசாகத்தான் ஒட்டும், அதனால்தான் நாய் தப்பிக்கிறது. எல்லா நாயும் ஒன்றல்ல. நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 செப்டம்பரில் இந்த மொத்தக் குடும்பத்துக்கும் எச்சரிக்கை விடுத்தது. மேலே அந்த அம்மா எழுதியது அதுதான். வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

மூட்டைப்பூச்சி இந்த மருந்துக்குச் சாகுமா? சாகும். 2022-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் கோழிகளுக்கு ஐவர்மெக்டினும் ஃப்ளூராலானரும் தனித்தனியே கொடுத்து, அந்தக் கோழிகளை மூட்டைப்பூச்சிகளுக்குக் கடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஐவர்மெக்டின் கொடுத்து மூன்று நாளுக்குள் கடித்தவை அதிகம் செத்தன, பிறகு வீரியம் இறங்கிவிட்டது. ஃப்ளூராலானர் 28 நாள் கழித்தும் கணிசமாகக் கொன்றது. தென் அமெரிக்காவில் இன்னொரு கதை. சாகஸ் நோயைப் பரப்பும் முத்தப்பூச்சி, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்து உறவு. அர்ஜென்டினாவின் சாகோ பகுதியில் நாய்களுக்கு ஃப்ளூராலானர் கொடுத்து, அவற்றைக் கடித்த முத்தப்பூச்சிகள் மாதக்கணக்கில் சாவதைக் காட்டினார்கள்.

இதைப் படித்ததும் உங்களுக்கு நம்பிக்கை வரும். எனக்கும் வந்தது. ஆனால் அந்த இரண்டு இடத்தையும் உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கோழிக் கொட்டகையில் பூச்சிக்கு இரவில் கிடைப்பது கோழி மட்டும்தான். அத்தனை கோழிக்கும் மருந்து போனால் பூச்சிக்கு வேறு கதி இல்லை. சாகோவில் நாய் வாசலிலும் தாழ்வாரத்திலும் கிடக்கும், முத்தப்பூச்சி அதன் ரத்தத்தை நிறையக் குடிக்கும். உங்கள் வீட்டில் நான்கு பேர், ரோமம் இல்லாத தோலோடு, தினமும் ஆறேழு மணி நேரம் அசையாமல் படுத்திருக்கிறீர்கள். மூட்டைப்பூச்சிக்கு அதைவிட வசதி வேறில்லை. நாய் மேல் ஏறினாலும் ரோமத்துக்குள் நடப்பது அதற்குச் சிரமம். வயிறு, தொடையிடுக்கு போல ரோமம் குறைந்த இடத்தில்தான் கடிக்கும். நாயும் சும்மா கிடக்காது, சொறியும், இடம் மாறும்.

மேன்ஷன்வாசி கேட்டது நியாயமான கேள்வி. 2013-லேயே அமெரிக்காவில் சில மருத்துவர்கள், ஐவர்மெக்டின் சாப்பிட்ட மனிதர்களின் ரத்தம் மூட்டைப்பூச்சியைக் கொல்வதைக் காட்டினார்கள். அந்த மருந்து மனித உடம்பில் சில நாட்கள்தான் தங்கும். பூச்சியோ வாரம் ஒருமுறை வரும், முட்டையிலிருந்து புதிது புதிதாகப் பொரிந்தும் வரும். அவ்வளவு காலமும் மருந்து சாப்பிட முடியாது. மாட்டுக்கான ஊசி மருந்தையோ நாய் மாத்திரையையோ மனிதர் தொடவே கூடாது. ஐசாக்சசோலின் குடும்பத்தில் மனிதருக்கு முதலில் அனுமதி கிடைத்தது லோட்டிலானருக்கு. 2023-ல், கண் இமையில் வாழும் நுண்ணுண்ணிக்கு, சொட்டு மருந்தாக. அது மாத்திரை அல்ல.

15 நாளுக்கு ஒன்று கொடுப்பதில் பயனே இல்லை, ஆபத்து மட்டும்தான். வழக்கமான அளவிலேயே, முத்துவைக் கடிக்கும் பூச்சிக்குப் போதுமான மருந்து ரத்தத்தில் இருக்கிறது. முத்துவைக் கடிக்காத பூச்சியை எத்தனை மாத்திரை கொடுத்தாலும் அது தொடாது.

---

கணக்கு வாத்தியார்
ஜூலை 4, காலை 7:30

டாக்டர் சார் சொன்னதை எண்ணில் போட்டுப் பார்க்கத் தோன்றியது. பள்ளிக்கூடக் கணக்குதான், தவறிருந்தால் திருத்துங்கள்.

மூட்டைப்பூச்சிக் குஞ்சு பெரிதாக 5 முறை தோல் உரிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் குறைந்தது ஒரு வேளை ரத்தம் வேண்டும். ஆக 5 வேளை. இந்த வீட்டுப் பூச்சிகள் எடுக்கும் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு முத்துவிடம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஐந்து உயிர், ஆளுக்கு ஒரு பங்கு. முத்துவைக் கடித்தது எல்லாம் சாகும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வேளைச் சாப்பாட்டில் தப்பிக்கும் வாய்ப்பு 0.8. ஐந்து வேளையும் தப்பிக்க 0.8-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், 0.33 வருகிறது. நூறு குஞ்சில் 67 செத்துப்போகும்.

கேட்க நன்றாக இருக்கிறது. இனி பெண் பூச்சிக்கு வருவோம். ஐந்தில் ஒரு வேளை நாயிடம் என்பதால், நாயிடம் மாட்டும் முன் சராசரியாக 4 வேளை மனித ரத்தம் குடித்துவிடும். வேளைக்கு 6 முட்டை என்றால் 24. பாதி பெண், 12. அதில் மூன்றில் ஒன்று பெரிதாகும், 4. ஒரு பெண் பூச்சியின் இடத்தில் அடுத்த தலைமுறையில் நான்கு! நூற்றில் 67 செத்தும் கூட்டம் பெருகிக்கொண்டே போகிறது.

சாப்பாட்டில் பாதி நாயிடம் என்றால் இதே கணக்கில் ஒரு பெண்ணுக்கு 0.09 வாரிசுதான் மிஞ்சும், கூட்டம் அழியும். எல்லை எங்கே என்று பார்த்தேன். சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் கீழே போனால் மாத்திரை தோற்றுவிடும். முத்து ஒருவன், நான்கு மனிதருக்கு நடுவில் மூன்றில் ஒரு பங்கு கடியை வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கும் முத்துவுக்குச் சாதகமாகப் போட்டதுதான். பூச்சி வீடு முழுக்கச் சுற்றி ஆளைப் பொறுக்குவதில்லை. அம்மா கட்டில் இடுக்கில் குடியிருக்கும் பூச்சி அம்மாவைத்தான் கடிக்கும். அது முத்துவைச் சந்திக்கவே சந்திக்காது.

---

கோழிப்பண்ணை டாக்டர்
ஜூலை 4, பகல் 1:10

வாத்தியார் ஐயா, அருமை. நான் வளவளவென்று எழுதியதை மூன்று வரியில் காட்டிவிட்டீர்கள். இதையே திருப்பிப் பார்த்தால் மாத்திரை எங்கே பயன்படும் என்பதும் தெரியும். நாய்கள் மட்டும் தூங்கும் காப்பகத்தில் மூட்டைப்பூச்சி புகுந்தால், அங்கே நாயின் பங்கு கிட்டத்தட்ட முழுசு. அங்கே எல்லா நாய்க்கும் உண்ணிக்கான முறைப்படி மாத்திரை போனாலே பூச்சி பெரிதும் அடங்கும்.

---

பெங்களூரு பையன்
ஜூலை 4, மாலை 5:45

மன்னிக்கணும், நான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்டுல நேர்ல பார்த்தது. போன வருஷம் ரெண்டு மாசமா எனக்கும் என் மனைவிக்கும் கடி. பீகிள் ஒண்ணு இருக்கு, எங்க கூடவே மெத்தையில தூங்கும். அதுக்கு உண்ணி மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரத்துல கடி சுத்தமா நின்னுபோச்சு. வேற எதுவும் பண்ணல. கணக்கு என்ன வேணா சொல்லட்டும், எங்களுக்கு வேலை செஞ்சது.

---

கோழிப்பண்ணை டாக்டர்
ஜூலை 4, இரவு 9:00

தம்பி, நீங்கள் பார்த்ததைப் பொய் என்று சொல்லவில்லை. மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கடி உடம்பில் எங்கே இருந்தது? பூச்சியைக் கண்ணால் பார்த்தீர்களா? பீகிளின் வால் பக்கம், முதுகில், மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள் இருந்ததா?

---

பெங்களூரு பையன்
ஜூலை 4, இரவு 9:40

கடி கணுக்கால்லயும் முழங்காலுக்குக் கீழயும்தான். பூச்சியைப் பிடிக்க முடியல, ஒரு தடவை சாக்ஸ்ல சின்னதா ஒண்ணு குதிச்சுப் போச்சு. கறுப்புத் துகள் ஆமா, குளிப்பாட்டும்போது நிறைய இருந்துச்சு. தண்ணி பட்டதும் செம்மண் கலர்ல கரைஞ்சுது.

---

கோழிப்பண்ணை டாக்டர்
ஜூலை 4, இரவு 10:05

அது தெள்ளுப்பூச்சி. மூட்டைப்பூச்சி குதிக்காது, அதற்குப் பறக்கவும் தெரியாது. அந்தக் கறுப்புத் துகள் தெள்ளுவின் எச்சம். செரித்த ரத்தம் என்பதால்தான் தண்ணீரில் செம்மண்ணாகக் கரைந்தது. வளர்ந்த தெள்ளு நாய் மேலேயே வாழ்ந்து, நாய் ரத்தத்தையே குடிக்கும். வாத்தியார் கணக்கில் நாயின் பங்கு ஏறக்குறைய முழுசு. மாத்திரை அங்கே வெற்றி பெற்றதில் ஆச்சரியமே இல்லை, அது செய்யப்பட்டதே அதற்குத்தான்.

உங்கள் அனுபவத்தை எழுதியதற்கு நன்றி. "நாய் மாத்திரையில் மூட்டைப்பூச்சி ஒழிந்தது" என்று என்னிடம் வந்து சொன்னவர்களைத் துருவிக் கேட்டால் பாதிக்கு மேல் இதுதான் வருகிறது.

---

பெங்களூரு பையன்
ஜூலை 4, இரவு 10:20

அப்படியா! இவ்வளவு நாளா மூட்டைப்பூச்சின்னே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தேன் சார். மெத்தையையே தூக்கிப் போட்டுட்டோம். நன்றி.

---

சிராங்கூன்காரன்
ஜூலை 5, காலை 8:15

நான் சிங்கப்பூர்ல தொழிலாளர் விடுதிப் பராமரிப்புல வேலை பார்க்கறேன். நாய் பத்தித் தெரியாது, மூட்டைப்பூச்சி தெரியும். மாடிவீட்டு அண்ணனுக்கு ரெண்டு விஷயம்.

கட்டில் கால் நாலுக்கும் கிண்ணம் வைங்க. வெளிநாட்டு வீடியோல எல்லாம் வழவழன்னு பிளாஸ்டிக் கிண்ணம் வச்சா பூச்சி விழுந்துட்டு ஏற முடியாம மாட்டும்னு காட்டுவாங்க. அது குளிர்நாட்டுப் பூச்சி. நம்ம ஊர்லயும் இங்கயும் இருக்கறது வெப்பநாட்டு வகை, ரெண்டும் வேற வேற இனம். நம்ம வகைக்குக் கால்ல பிடிமானம் அதிகம், வழவழப்பான சுவர்லயும் ஏறி வெளிய வந்துடும். அதனால கிண்ணத்துல சோப்புத் தண்ணி ஊத்துங்க. பாட்டி காலத்துல கட்டில் காலுக்குக் கீழ தண்ணிக் கிண்ணம் வச்சாங்களே, அதேதான். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையைத் தொடக் கூடாது. தொட்டா கிண்ணம் வச்சும் பிரயோஜனம் இல்ல.

ரெண்டாவது, சூடு. 50 டிகிரிக்கு மேல உள்வரைக்கும் சூடு போனா பூச்சியும் சாகும், முட்டையும் சாகும். எங்க விடுதியில துணி எல்லாம் ட்ரையர்ல அதிக சூட்டுல அரை மணி நேரம். ட்ரையர் இல்லன்னா கொதிக்கற தண்ணியில ஊற வைங்க. மொட்டை மாடி வெயில் மெல்லிய துணிக்கு, கறுப்பு பிளாஸ்டிக் பையில கட்டி வச்சா, பிரயோஜனப்படும். தடிமன் மெத்தைக்கு வேலைக்காகாது, மேல சுடும், நடுவுல பூச்சி சுகமா இருக்கும். மரக்கட்டில் இடுக்குக்கு நீராவி. குழாயை ஒட்டிப் பிடிச்சு மெதுவா நகர்த்தணும். வேகமா அடிச்சா பூச்சி சாகறதுக்கு முன்னாடி காத்துல பறந்து வேற இடத்துல போய் விழும்.

பவுடர் தூவறது நல்ல வழிதான், ஆனா அம்மாவுக்கு ஆஸ்துமான்னு சொல்றீங்க, படுக்கையறையில வேண்டாம்.

---

ரெண்டு நாய் அம்மா
ஜூலை 5, காலை 9:00

இன்னொண்ணும் சொல்லிடறேன். யாராவது "மாத்திரை வச்சு ரூமை மூடினா ஒரே நாள்ல தீரும்"னு வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிடுங்க. நெல் மூட்டைக்கு வைக்கற அலுமினியம் பாஸ்பைடு அது. அதுலேர்ந்து வர்ற வாயு சுவர் இடுக்கு, ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுக்கும் போகும். வீட்டுக்குள்ள அதை வச்சு குழந்தைகள் செத்திருக்காங்க. பூனை வளர்க்கறவங்க பெர்மெத்ரின் ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க, பூனை உடம்பு அதைத் தாங்காது.

---

மாடிவீட்டுக்காரன்
ஜூலை 6, இரவு 11:15

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல.

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, பையனும் நானும் வீட்டையே கழட்டிட்டோம். அம்மாவோட கட்டில் தாத்தா காலத்து தேக்கு. தலைமாட்டுப் பலகையைக் கழட்டினதும் திருகாணி ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சேன். உள்ள வட்டமா ஒட்டி ஒட்டி உக்காந்திருக்கு, பெருசு சிறுசு கலந்து. ஓட்டை விளிம்புல பேனா மை சிந்தின மாதிரி கறுப்புப் புள்ளி, அரிசி நொய் மாதிரி வெள்ளை முட்டை, உரிச்ச தோல் காத்துல ஆடுது. பழைய அட்டையை இடுக்குல விட்டு இழுத்தா அட்டையோட வந்துச்சு. பையன் ஹாஸ்டல் மெத்தை தையல்ல இதைவிட அதிகம். எங்க ரூம் கட்டில்ல நாலஞ்சு.

அப்புறம் முத்து படுக்கற சாக்கு. ஹால்ல ஷூ ஸ்டாண்டு பக்கத்துல போட்டிருக்கோம். அதைப் பிரிச்சு, தையல் தையலா வெயில்ல பார்த்தோம். ஒண்ணு இல்ல. ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்ல. ஷூ ஸ்டாண்டுலயும் இல்ல. வாத்தியார் சொன்னது கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. பூச்சி எல்லாம் நாங்க தூங்கற இடத்துல, முத்து ஒரு ஓரத்துல. அவனைக் கடிக்கவே யாரும் போகல.

கீழ்வீட்டுத் தம்பிகிட்டயும் சொன்னேன். அவர் ஆறு மாசமா மூட்டைப்பூச்சிக்காகவே அவரோட பொமரேனியனுக்கு 20 நாளுக்கு ஒண்ணு கொடுத்துட்டு இருந்தாராம். நாய் சரியா சாப்பிடறதில்லன்னு ரெண்டு தடவை டாக்டர்கிட்ட போனாராம், ஆனா மாத்திரை விஷயத்தைச் சொல்லவே இல்லையாம்.

---

கோழிப்பண்ணை டாக்டர்
ஜூலை 7, காலை 6:40

அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள்: கூடுதலாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எந்தெந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி இன்றே மருத்துவரிடம் காட்டட்டும். இவை உடம்பைவிட்டு மெதுவாகப் போகும் மருந்துகள். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய பாதிதான் வெளியேறும். அது போகும் முன் அடுத்ததைக் கொடுத்தால் மேலே மேலே சேரும். பொமரேனியன் மூன்று கிலோவோ நான்கு கிலோவோ இருக்கும். அதன் எடைக்கு வாங்கியதா, பெரிய நாய் மாத்திரையை உடைத்துக் கொடுத்தாரா என்றும் கேளுங்கள். உடைத்தால் இரண்டு பாதியிலும் மருந்து சமமாக இருக்கும் என்று நம்ப முடியாது.

அவர் மேல் கோபப்படாதீர்கள். அவரும் உங்களைப் போல வீட்டில் யாரோ தூங்காமல் தவிப்பதைப் பார்த்துத்தான் செய்திருப்பார்.

---

மாடிவீட்டுக்காரன்
ஆகஸ்ட் 24, இரவு 10:30

ஏழு வாரம் ஆச்சு. பாதியில விட்ட மாதிரி இருக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

துணி நீராவி இயந்திரம் வாடகைக்கு எடுத்தோம். மூணு கட்டிலையும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கழட்டி, ஓட்டை ஓட்டையா காட்டினோம். முட்டை பொரிய ஆறிலிருந்து பத்து நாள் ஆகும்னு படிச்சதால ஒரு வாரம்கூட விடல. திருகாணி ஓட்டை, பலகை விரிசல் எல்லாத்தையும் மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சோம். மெத்தைக்கு ஜிப் உறை. கால் பன்னிரண்டுக்கும் சோப்புத் தண்ணிக் கிண்ணம். அம்மா தினமும் காலையில காபிக்கு முன்னாடி கிண்ணம் பார்த்து காலண்டர்ல எண் எழுதுவாங்க. முதல் வாரம் மொத்தம் 31. ரெண்டாவது வாரம் 12. அப்புறம் 5, 5, 1. கடைசி ரெண்டு வாரம் 0. இன்னும் ரெண்டு மாசம் கிண்ணத்தை எடுக்கப் போறதில்ல. சாப்பாடு இல்லாமயே மாசக்கணக்கா இருக்கும்னு தெரியும்.

கீழ்வீட்டுலயும் அதே நாள்ல அதே வேலையைச் செஞ்சோம். மேல மட்டும் பண்ணிட்டு கீழ விட்டா மேன்ஷன்வாசி சொன்ன கதைதான் ஆகும். பொமரேனியன் இப்போ நல்லா சாப்பிடறா. டாக்டர் ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு, மூணு மாசம் அந்த வகை மாத்திரையே வேண்டாம்னுட்டார்.

முத்துவுக்கு எப்பவும் போல மாசத்துக்கு ஒண்ணு, 12-ஆம் தேதி, சாப்பாட்டோட. உண்ணிக்குத்தான்.

---

மேன்ஷன்வாசி
ஆகஸ்ட் 25, காலை 8:50

சந்தோஷம்ணே. அந்த ஹாஸ்டல் மெத்தையை என்ன பண்ணீங்க? எங்க தெருவுல குப்பைத் தொட்டி ஓரமா நல்ல மெத்தை கிடந்தா அரை மணி நேரத்துல யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்படித்தான் ஒரு தடவை எங்க ரூமுக்கே வந்துச்சு.

---

மாடிவீட்டுக்காரன்
ஆகஸ்ட் 25, காலை 9:30

அதை யோசிச்சுத்தான் நாலா வெட்டினோம் தம்பி. ஒவ்வொரு துண்டையும் பிளாஸ்டிக்ல சுத்தி டேப் ஒட்டி, மார்க்கர்ல பெருசா "மூட்டைப்பூச்சி, எடுக்காதீங்க"ன்னு எழுதினோம். தூக்கிப் போடாம, காலையில குப்பை வண்டி வர்ற வரைக்கும் பையன் பக்கத்துலயே நின்னு, ஏத்தி விட்டுட்டுத்தான் மேல வந்தான்.